தேயிலைக் கறைக்குள் ஒளித்த கை

கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்ததற்கு அடுத்த ஆண்டு, ஜூன் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை. நேரம் காலை பத்தேகால். இடம், ஹாலிஎல டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மலையேறினால் வரும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு எதையும் நாள், நேரம் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மின்சாரம் வந்த நாள், மேல் டிவிஷன் வரை முதல் பஸ் ஏறி வந்த நாள், கோயிலுக்குப் பின்னால் மண் சரிந்த நாள் என்று பதினேழு கொப்பிகள் சேர்ந்துவிட்டன. இந்தச் சம்பவத்துக்கும் எல்லாத் தேதிகளும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே எழுதினால் எங்கள் பக்கத்துக்காரர்கள் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வேலை செய்வது பிள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார், பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளைப் பகல் முழுவதும் விட்டுச் செல்லும் இடம் அது. சமையலுக்கு ஓர் அம்மா இருக்கிறார். பிள்ளைகளைக் கழுவுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது, தராசில் நிறை பார்த்து எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அப்போது பதினாறு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்று பிள்ளைகளின் பால் கோப்பைகளைக் கழுவும்போதுதான் வலது ஆட்காட்டி விரலின் கணுவில் அதைப் பார்த்தேன். பயற்றம் பருப்பளவு வெள்ளை. சவர்க்கார நுரை என்று நினைத்துத் தண்ணீரை விட்டேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தோலே வெளுத்திருந்தது.

ஜூன் முடிவதற்குள் பக்கத்து விரலில் ஒன்று, இடது கையில் முழங்கைக்குச் சற்று மேலே ஒன்று. என் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். அவரிடம் போனில் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மாறாக, படித்தேன். நூல்நிலையத்தில் எடுத்து வந்திருந்த பழைய வைத்தியப் புத்தகம் ஒன்றில் இதற்கு வெண்குஷ்டம் என்று பெயர் போட்டிருந்தது. அந்தப் பெயருக்குக் கீழே இருந்த விளக்கத்தை நான் படிக்கவே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். எத்தனையோ புத்தகம் படித்தவள் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. அன்றைக்கு ஒரு பக்கத்தைத் திருப்பக்கூடக் கை வரவில்லை.

குஷ்டம் வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்பது மட்டும் எப்போதோ படித்து ஞாபகம் இருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தேன். வலித்தது. அப்பாடா என்றிருந்தது. மறுநாள் காலையில், நேற்றை விட இன்று வலி குறைவோ என்று சந்தேகம் வந்தது. மறுபடியும் குத்தினேன். இப்படி ஒன்பது நாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடிமட்டம் வைத்து அளந்து, கொப்பியில் இரண்டு கைகளின் படமும் வரைந்து, புள்ளிகளைக் குறித்து வைத்தேன். அளக்காமல் இருந்திருந்தால் கொஞ்சமாவது நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் என்னால் அளக்காமல் இருக்க முடியாது.

மறைப்பதற்கு நான் கண்டுபிடித்த வழியை எங்கள் மலைகளில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலைச் சாறு ஏறி ஏறிக் கறுத்துப் போயிருக்கும். தண்ணீரில் எத்தனை கழுவினாலும் போகாது. கறுத்த விரல் எங்கள் தோட்டத்தில் யாருடைய கண்ணையும் உறுத்தாது. நான் தினமும் ஆறு மணிக்கே காம்பராவுக்கு வந்து, பின்பக்கத்து வேலியோரச் செடியில் முற்றிய இலையாகப் பறித்து, துருப் பட்டால் சாறு கறுக்கும் என்பதால் துருப்பிடித்த தகரத்தின் மேல் வைத்துக் கசக்கி, வலது கை விரல்களிலும் புறங்கையிலும் பூசினேன். வெள்ளையில் கறை சீக்கிரம் பிடிக்கவில்லை. அதனால் தேங்காய் நார்த் தும்பால் முதலில் தோல் சிவக்கும் வரை தேய்த்து, பிறகு சாறு பூசினேன். சாயங்காலம் பிள்ளைகள் போனதும், கறையை எடுத்து வெள்ளை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சையும் தும்பும் போட்டு மறுபடி தேய்ப்பேன். எரியும். பல்லைக் கடித்துக்கொள்வேன். இடது கைப் புள்ளி சட்டைக் கைக்குள் மறைந்துவிடுவதால் அதைத் தொடவில்லை.

முதல் நாளே ஒரு தாய் கறையைக் கண்டுவிட்டாள். மூன்றரை வயது மகளைக் காம்பராவில் விட்டுப் போக வந்தவள். எங்கள் டிவிஷனிலேயே வாய்த் துடுக்குக்காரி.

"என்ன டீச்சர், நீங்களும் மலைக்கு வந்துட்டீங்களா? கையப் பாத்தா என்னைய விட ரெண்டு கிலோ கூட எடுத்த மாதிரி இருக்கே!"

"கீரை அரிஞ்சேன்" என்றேன்.

"கீரையா? கொழுந்து வாசம் அடிக்குது. எந்தக் கடையில வாங்குனீங்க, சொல்லுங்க, நானும் வாங்குறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே திரும்பி வந்ததும் கறை எங்காவது விட்டிருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்தேன்.

ஜூலையில் பிள்ளைகளைத் தொடுவதையே குறைத்தேன். கரண்டியால் ஊட்டினேன். துவாயால் சுற்றித் தூக்கினேன். கைக்குழந்தைகளுக்கு என்ன தெரியும், துவாயைத் தள்ளிவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அந்த வாய்த் துடுக்குக்காரியின் மகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தால்தான் பகலில் தூங்குவாள். நான் தடவுவதை நிறுத்திய நாள் முதல் அவள் தூங்காமல் அழுதாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் முதல் மனம் கேட்காமல் மறுபடியும் தடவினேன்.

ஜூலை மூன்றாவது வியாழக்கிழமை, பகல் சோற்றுக்குப் பிறகு, அவளுக்கு வாய் துடைத்துவிடும்போது இடது கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு வெளுப்பைக் கண்டேன். என் விரல்கள் தினமும் தடவிய அதே இடம்.

காது அடைத்துப் போனது. பிள்ளை ஏதோ கேட்கிறாள், உதடு அசைவது மட்டும் தெரிகிறது. என் நோயை நான் இந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன் என்ற ஒரே எண்ணம்தான் மண்டைக்குள் ஓடியது. மற்றப் பதினைந்து பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து முகம், கழுத்து, கை எல்லாம் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. தாய் கூட்டிப் போக வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால், அந்தக் கன்னத்தில் தேங்காயெண்ணெயை நன்றாகப் பூசிவிட்டேன். எண்ணெய்ப் பளபளப்பில் வெளுப்பு சட்டென்று தெரியாது. மறுநாளும் பூசினேன். மூன்று வாரம் பூசினேன். காற்றுக் காலம், பிள்ளைக்குத் தோல் வெடிக்கிறது என்று சொன்னேன். அவளும் நம்பி, "ஒங்களுக்கு இருக்குற அக்கற எனக்கு இல்ல டீச்சர்" என்றாள்.

இதற்கிடையில் என் வலது கை மோசமாகிக்கொண்டே போனது. புறங்கையில் வெள்ளை நீளவாக்கில் கோடுகளாக இறங்கியது. விரல் கணுக்கள் எல்லாம் வெளுத்தன. எவ்வளவுக்கு வெளுத்ததோ அவ்வளவுக்கு அதிகமாகத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் இரண்டாவது திங்கட்கிழமை சாயங்காலம், அந்தத் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு, "கன்னத்துல தேமல் மாதிரி கெடக்கு, வயித்துப் பூச்சி மருந்து குடுக்கணும் போல" என்றாள். நாலைந்து நாளாகத்தான் தன் கண்ணில் படுகிறதாம். இனிமேலும் மறைக்க என்னால் முடியவில்லை. அவளைக் குழாயடிக்குக் கூப்பிட்டேன். தேசிக்காய்ப் பாதியை எடுத்து அவள் கண்ணெதிரே கையைக் கழுவி நீட்டினேன். "தங்கச்சி, எனக்கு இது இருக்கு. ஒன் புள்ளைக்கு என்கிட்ட இருந்துதான் வந்திருக்கும்" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எப்பருந்து?"

"ஜூன் ரெண்டாவது புதன்."

"புதனாம்! கெழம கூட ஞாபகம் இருக்கு, வாயத் தொறந்து சொல்லத்தான் ஞாபகம் இல்லயா ஒனக்கு?"

அதுவரை டீச்சர், நீங்க என்று பேசியவள். அந்த 'ஒனக்கு' எனக்குத் தகும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் எண்ணெய் பூசி மறைத்ததை மட்டும் அப்போதும் நான் சொல்லவில்லை.

செய்தி அன்றிரவே லயங்களில் பரவிவிட்டது, மறுநாள் பதினாறில் ஒன்பது பிள்ளைகளே வந்தார்கள். புதன்கிழமை நான்கு. மற்றப் பிள்ளைகள் எங்கே என்று விசாரித்தேன். சிலரை லயத்தில் வயதானவர்களிடம் விட்டிருந்தார்கள். சிலரை மலைக்கே கொண்டுபோய், நிழல் மரத்தடியில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். எங்கள் மலைகளில் குளவிக்கூடு எந்த மரத்தில் இருக்கும், எப்போது கலையும் என்று யாராலும் சொல்ல முடியாது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்களின் கணக்கு என் கொப்பிகளில் ஆண்டுக்கு ஆண்டு இருக்கிறது. காம்பரா வாசலில் நின்றுகொண்டு மேல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அலறல் கேட்டால் அதற்கும் நான்தான் காரணம். அன்று மத்தியானம் தோட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. டாக்டரின் கடிதத் துண்டு இல்லாமல் இனிக் காம்பராவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை இருட்டு விலகும் முன்பே அந்தத் தாய் என் லயத்து வாசலில் நின்றாள். மகளுக்குக் குல்லாப் போட்டிருந்தாள்.

"பொறப்படு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போறோம். எம் புள்ளைக்கு இது என்னான்னு ஒன்னைய வச்சிக்கிட்டுத்தான் நான் கேக்கணும்."

பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் பையை வைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, பையைத் தாண்டி என் மடிக்கு வரப் பார்த்தாள். தாய் இழுத்து இழுத்து உட்கார வைத்தாள். பதுளை வரும் வரை நான் படம் வரைந்த கொப்பியை இடது கையில் பிடித்து, வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பகுதியின் முன்னால் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சைத் திரியாகத் திரித்துக் கன்னத்தில் தொட்டார். கூச்சத்தில் பிள்ளை நெளிந்தாள். பிறகு எங்கள் மூவரையும் இருட்டறைக்குள் கூட்டிப் போய், கையில் பிடிக்கிற நீல விளக்கு ஒன்றைப் போட்டார். என் கையை அதன் கீழே வைக்கச் சொன்னார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளையின் குரல்தான் கேட்டது. "அம்மா, டீச்சர் கையில லைட்டு எரியிது!"

கண்ணைத் திறந்தேன். வெள்ளை இருந்த இடமெல்லாம் பளீரென்று மின்னியது. எனக்கே தெரியாத புதுப் புள்ளிகள்கூட மின்னின. டாக்டர் விளக்கைப் பிள்ளையின் கன்னத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் மின்னவில்லை. மங்கலாக, சாதாரணமாக, கன்னம் கன்னமாகவே இருந்தது.

"பிள்ளைக்கு இது இல்ல" என்றார். காற்றிலும் வெயிலிலும் தோல் காய்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வெளுப்பாம். க்ரீம் பூசினால் சில மாதத்தில் போய்விடுமாம். எனக்கு இருப்பதுதான் வேறு. அது குஷ்டமே இல்லை, பெயர்தான் அப்படி வந்துவிட்டது. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களை உடம்பே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். தொட்டால், ஊட்டினால், ஒரே பாயில் படுத்தால், எதனாலும் யாருக்கும் ஒட்டாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் டாக்டர் முடிக்கவில்லை.

"பிள்ளைக்கு எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு வாரமாங்க. இப்பத்தான் பாத்தேன்" என்றாள் தாய்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் கொப்பி என் மடியில் இருந்தது. "இல்லீங்க, ஜூலை மூணாவது வியாழன்லருந்து இருக்கு" என்றேன். எண்ணெய் பூசியதையும் சொன்னேன்.

தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்தான் பேசினார். குரல் மாறியிருந்தது.

"அது குஷ்டமா இருந்தா? நீங்க மூணு வாரம் மறைச்சீங்க. குஷ்டத்துக்கும் இப்ப மருந்து இருக்கு. கெதியா வந்தா முழுசா சுகம். மறைச்சு வச்சாத்தான் கை போகும், கால் போகும்."

பிறகு கொப்பியை வாங்கிப் புரட்டினார். எழுத்து அவருக்கு விளங்கவில்லை. ஆனால் படமும் அளவும் விளங்கின. ஒவ்வொரு வெள்ளியாகத் திருப்பிக்கொண்டே வந்து, வலது கை ஏன் இப்படிக் கோடு கோடாகப் போகிறது, இடது கையில் மட்டும் ஜூனில் வந்த புள்ளி அதே அளவில் ஏன் நிற்கிறது என்று கேட்டார். வலது கையில் என்ன போடுகிறீர்கள் என்றார். இலை, தகரம், தும்பு, தேசிக்காய் எல்லாம் சொன்னேன்.

இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோல் உரசி உரசிப் புண்படும் இடத்தில் புதிதாக வெள்ளை வரக்கூடுமாம். நான் தேய்த்த வழியிலேயே அது இறங்கியிருக்கிறது. இத்தனை வெள்ளிக்கிழமைகளும் அளந்து குறித்தவள், ஒரு பக்கத்தையும் மறு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். அளவு மட்டும்தான் எடுத்தேன், எழுதியதைத் திருப்பிப் படிக்கவில்லை. பயந்து பயந்து நான் மறைக்கப் பார்த்ததே அதை வளர்த்திருக்கிறது.

பூசுவதற்கு மருந்தும், இரத்தப் பரிசோதனைக்குத் துண்டும், தோட்டத்துக்கு ஒரு கடிதமும் தந்தார். வெயிலில் கையை மூடிக்கொள்ளச் சொன்னார். தேவைப்பட்டால் பிறகு வெளிச்ச வைத்தியம் செய்யலாம் என்றார். முழுக்கக் குணமாகுமா என்று கேட்டேன். சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்கு நிற்கும், சிலருக்குப் பரவும், விரல்களில் திரும்புவது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஹாலிஎல தாண்டியதும், அந்தத் தாய் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கைய மறச்சது ஒங்க பாடு டீச்சர். பொம்பள, பயந்திருப்பீங்க. எம் புள்ள கன்னத்த மறச்சீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறல."



திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன் எல்லாரும் கூடுகிற பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். கறை பூசாத கையோடு அத்தனை பேர் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. டாக்டரின் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். எண்ணெய் பூசியதையும் சொன்னேன். ஒருத்தி, "கடுதாசியில ஆயிரம் எழுதுவாங்க" என்றாள்.

வாய்த் துடுக்குக்காரிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளை என் கையில் கொடுத்தாள். "விடுறவங்க விடுங்க, விடாதவங்க மரத்தடியில குந்திக் குளவிக்குக் காவல் இருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னவள், என் பக்கம் குனிந்து வேறொன்று சொன்னாள். "ஒங்கள நான் இன்னும் மன்னிக்கல. இவ ஒடம்புல ஒரு கீறல் விழுந்தாலும் அன்னிக்கே எனக்குத் தெரியணும்."

அந்த வாரக் கடைசிக்குள் பதினான்கு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவே இல்லை. அவர்களுடைய தாய்மார் இன்றும் கோயிலில் என்னைக் கண்டால் தள்ளித்தான் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கன்னம் நவம்பரில் சரியாகிவிட்டது. என் இடது கைப் புள்ளிக்குள் சின்னச் சின்னதாக நிறம் திரும்பியிருக்கிறது. வலது கை விரல்கள் வெள்ளையாகவே இருக்கின்றன, ஆனால் தேய்ப்பதை விட்டபின் மேலே ஏறவில்லை. போன மாசியில் உதட்டோரம் புதிதாக ஒன்று வந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்த அன்று பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. அன்றே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன்.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் ஒன்றைக் கண்டு பயந்து அதை மூடி வைக்கக் கை போகும் ஒவ்வொரு முறையும், எதுவும் அறியாமல் எண்ணெய்க் கன்னத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்த அந்த மூன்றரை வயது முகம் முன்னால் வந்து நிற்கிறது, என் கை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.